களிமண்ணில் பிறந்த லிபி

‘லிபி’ என்றால் எழுத்து. எந்த ஊர்ச் சொல் அது என்று தேடிப் போனால், கடைசியில் கையில் ஒட்டுவது களிமண்.

இன்றைய ஈராக்கின் தெற்கே இருந்தது உருக் நகரம். கி.மு. 3300 வாக்கில் அதன் களஞ்சியத்துக்கு வந்த வாற்கோதுமை, ஆள்களுக்கு அளந்த பீர், ஆட்டு மந்தை எல்லாவற்றுக்கும் கணக்கு வைக்க வேண்டியிருந்தது. கல் அரிதான சமவெளி. காலடியில் கிடந்தவை வண்டலும் நாணலும். ஈர மண்ணை உள்ளங்கை அளவுக்குத் தட்டி, நாணல் குச்சியால் கீறினார்கள். பின்னாளில் குச்சி முனையை அழுத்திப் பதித்தபோது ஆப்பெழுத்து உருவானது. அந்த மண்பலகைக்கு அங்கே வாழ்ந்த சுமேரியர் இட்ட பெயர் ‘டுப்’.

அந்தப் பெயர் குட்டி போட்டது. ‘சர்’ என்றால் எழுதுதல், ‘டுப்-சர்’ எழுத்தர். ‘எ’ என்றால் வீடு; ‘எ-டுப்பா’ பள்ளிக்கூடம். அங்கே மாணவன் ‘பலகைவீட்டுப் பிள்ளை’, சட்டாம்பிள்ளை ‘பெரியண்ணன்’. சுமேரிய நகரமான நிப்பூரில் 1951-52இல் தோண்டிய ஒரு சிறு வீட்டில் ஏறத்தாழ 1,400 பலகைத் துண்டுகள் கிடைத்தன. பெரும்பாலானவை பிள்ளைகளின் பயிற்சிகள். எழுதி முடித்த மண்ணை நனைத்து மறுபடி பிசைய அங்கே ஒரு தொட்டியும் இருந்தது.

சுமேரியம் எந்தக் குடும்பத்திலும் சேராத தனிமொழி. அண்டையிலிருந்த அக்காதியம் செமித்திய மொழி. அக்காதியர் எழுத்தைக் கடன் வாங்கியபோது பலகையின் பெயரையும் சேர்த்தே வாங்கி, ‘துப்பு’ என்றார்கள். (நம் ‘துப்பு’வோடு இதை முடிச்சுப் போட வேண்டாம், ஒலி ஒத்திருப்பது மட்டும் உறவுக்குச் சான்றாகாது.) ஈலம் நாட்டில் அது ‘துப்பி’; பழம் பாரசீகத்தில் ‘திபி’. கி.மு. 520 வாக்கில் பாரசீக மன்னர் முதலாம் தாரியஸ் பெகிஸ்தூன் மலையில் வெட்டுவித்த கல்வெட்டு, தன்னையே ‘திபி’ என்று குறிப்பிடுகிறது. பலகையைச் சுட்டிய சொல், இப்போது பாறையில் பொறித்த வாசகத்தைச் சுட்டியது.

அடுத்த தடயம் அசோகருடையது. கிர்நார்ப் பாறையில் அவர் ஆணை ‘லிபி’ எனப்படுகிறது. இன்றைய பாகிஸ்தானின் ஷாபாஸ்கடியில், கரோஷ்டி எழுத்தில் உள்ள அதே ஆணைகளில் அது ‘திபி’. ‘லிபி’யை ‘லிப்’, அதாவது பூசுதல், என்ற சமஸ்கிருத வேரில் பிறந்ததாகச் சொல்வது வழக்கம். ஆனால் ஷாபாஸ்கடி, அசோகருக்கு முன்பு பாரசீகப் பேரரசின் கீழ் இருந்த காந்தாரப் பகுதி. எழுதப்பட்டது என்பதற்கும் அங்கே ‘நிபிஸ்த’ என்ற ஈரானியச் சொல்லே ஆளப்பட்டிருக்கிறது. ஒரே பாறையில் இரண்டு ஈரானியச் சொற்கள்! ‘திபி’தான் மூலம், ‘லிபி’ அதன் திரிபு என்று கொள்ள இது வலுவான காரணம்.

பாரசீகத்திலேயே தங்கிய கிளையும் பட்டுப்போகவில்லை. எழுத்தருக்கு அங்கே ‘தபீர்’ என்று பெயர். ‘தீவான்’ என்பதும் இதே வேரிலிருந்து வந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. முதலில் ஆவணம், பிறகு கணக்கேடு, பிறகு அந்த ஏடுகளைப் பராமரிக்கும் அலுவலகம் என்று அதன் பொருள் விரிந்தது. திருவிதாங்கூரிலும் புதுக்கோட்டையிலும் அரசுக் கணக்கைக் கட்டியாண்ட ‘திவான்’ அந்தச் சொல்தான்.

உருக்கிலிருந்து புதுக்கோட்டை வரை இந்தச் சொல்லைச் சுமந்துவந்தவர்களில் பெரும்பாலோர் கணக்கப்பிள்ளைகள்.