தனி டம்ளர்

சிந்தாதிரிப்பேட்டையில் பாட்டி வீடு என்பது ஒரே அறை போர்ஷன், ஆறேழு பேர். சமையல் மூலையில் ஒரு எவர்சில்வர் டம்ளர் மட்டும் தனியாகக் கவிழ்ந்திருக்கும். 'அதுல குடிக்காதடா, தாத்தாவோடது.' தாத்தாவுக்கு அறுபதுகளில் டிபி வந்து குணமாகி முப்பது வருஷம் ஓடிவிட்டிருந்தது. டம்ளர் மட்டும் குணமாகவில்லை.

அதே கூவத்தின் கரையோரமாக மேற்கே போனால் சேத்துப்பட்டு. அந்த டம்ளருக்கான பதில் அங்கேதான் இருந்தது என்பது எனக்கு ரொம்பத் தாமதமாகத் தெரியவந்தது.

1956இல் உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், சென்னை மாநில அரசு நான்கும் சேர்ந்து அங்கே ஒரு காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கின. பொறுப்பேற்று வந்தவர் வாலஸ் ஃபாக்ஸ். சுதந்திரம் வாங்கிப் பத்து வருஷம்கூட ஆகவில்லை. லண்டனும் மெட்ராஸும் ஒரே மேசையில் உட்காரக் காரணம், இருவருக்குமே விடை தெரியாத ஒரு கேள்வி.

அதுவரை டிபி என்றால் சானடோரியம். தாம்பரத்தில் 1928இல் டேவிட் சௌரி முத்து தொடங்கியது மாதிரி: நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை, வீட்டிலிருந்து விலக்கம். ஆனால் நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகள் ஆயிரக்கணக்கில். புதுமைப்பித்தன் 1948இல் காசநோயில் இறந்தபோது அவருக்கு வயது 42. மாத்திரைகள் வந்த பிறகு கேள்வி இப்படி ஆனது: நெரிசலான ஒற்றை அறையில், அரைவயிறு சாப்பாட்டில், வேலைக்கும் போய்க்கொண்டு ஒருத்தர் குணமாக முடியுமா? கூடப் படுக்கிற குழந்தைகள் என்ன ஆகும்?

மெட்ராஸின் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து 193 பேர். குலுக்கல் முறையில் பாதிப் பேர் சானடோரியத்துக்கு, மீதிப் பேர் வீட்டுக்கு. ஐசோநயசிட், பாஸ், ஒரு வருஷம். (எங்கள் ஆபீஸில் பட்டன் நிறத்துக்கு ஏ/பி டெஸ்ட் பண்ணுகிறோம். கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.) வீட்டில் இருந்தவர்கள் மாத்திரையை முழுங்குகிறார்களா என்று சொல்லாமல் கொள்ளாமல் போய் எண்ணிப் பார்த்தார்கள், சிறுநீரையும் சோதித்தார்கள்.

1959இல் முடிவு வெளியானது. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு எடை கூடுதலாக ஏறியிருந்தது, சாப்பாடு அப்படி. நோய் குணமானதில் பெரிய வித்தியாசமில்லை. குடும்பத்தாரை ஐந்து வருஷம் பின்தொடர்ந்தார்கள். நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கு, பிரித்து வைக்கப்பட்ட குடும்பங்களைவிட அதிகமாக நோய் வரவில்லை. ஆபத்தின் பெரும்பகுதி நோய் கண்டுபிடிக்கப்படும் முன்பே நடந்து முடிந்திருந்தது.

இதன்மேல்தான் 1962இன் தேசிய காசநோய்த் திட்டம் எழுந்தது. உலகெங்கும் சானடோரியங்கள் தேவையற்றுப் போனதில் சேத்துப்பட்டுக்குப் பெரிய பங்குண்டு. ஐந்து வருஷத் திட்டமாக ஆரம்பித்த அந்த மையம் இன்றும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக அங்கேயே இருக்கிறது. நான்கு அமைப்புகளின் பெயரும் வரலாற்றில் இருக்கிறது. ஐந்தாவது பங்காளி அந்த 193 பேர். கட்டுரையில் அவர்கள் வெறும் எண்கள். பசியோடு மாத்திரை முழுங்கி, வீட்டுக்கதவைச் சோதனைக்குத் திறந்துவிட்டு, உலகத்துக்கு விடை சொன்னவர்கள் அவர்கள்தான்.

பாட்டியிடம் இதையெல்லாம் ஒருமுறை சொன்னேன். முழுக்கக் கேட்டாள். 'அப்பவே யாராவது வந்து சொல்லியிருக்கலாம்ல' என்றாள். தாத்தா போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தது. டம்ளர் அதே மூலையில் இருந்தது.