ஓடும் நாளும் உறங்கும் நாளும்

மும்பையிலிருந்து சென்னைக்கு இரயிலில் வரும் தமிழர் பலர், வழியில் ரேணிகுண்டாவில் இறங்கித் திருமலைக்குச் சென்று, கையில் லட்டுடன் ஊர் போய்ச் சேர்வது வழக்கம். அந்த லட்டில் கைவேலை எவ்வளவு, யந்திரத்தின் பங்கு எவ்வளவு என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. திருப்பதியிலிருந்து எழுபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள சித்தூரிலும் இதே வினா எழுகிறது. ஆனால் அங்கே பண்டம் மாங்கூழ், விடையும் வேறு. பெரும்பொருள் கொடுத்து யந்திரம் வாங்குவது தகுமா என்பதை இவ்விரண்டு ஊர்களையும் அருகருகே வைத்துப் பார்ப்போருக்கு ஓர் உண்மை புலப்படும். யந்திரத்தின் விலையைக் காட்டிலும், அது ஆண்டில் எத்தனை நாள் ஓடுகிறது என்பதே முதற்கேள்வி.

இக்கேள்வி சித்தூர்ச் சீமைக்குப் புதிதன்று. 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்த சித்தூர், வெல்லத்துக்குப் பேர்போன நாடு. பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நம் நாட்டில் கரும்பைப் பிழிந்தவை கல்லாலும் மரத்தாலும் ஆன ஆலைகளே. 1870-களில் பீகாரைச் சேர்ந்த பீஹியா என்னும் ஊரில் தாம்சன், மில்னே என்ற இரு வெள்ளையர், மாடு சுற்றி இழுக்கும் இரும்பு உருளை ஆலை ஒன்றைச் செய்தனர். சாறு மிகுதி, உழைப்புக் குறைவு. ஆயினும் அதை விலை கொடுத்து வாங்கக் குடியானவனிடம் பணம் ஏது? அவர்கள் கண்ட உபாயம் வெகு எளியது: ஆலையைப் பருவத்துக்கு வாடகைக்கு விட்டார்கள். கரும்பு வெட்டும் சில மாதங்களுக்கு மட்டும் குடியானவன் கூலி கொடுத்தான். எஞ்சிய மாதங்களில் இரும்பு சும்மா கிடந்த நட்டம் அவன் தலையில் விழவில்லை. யந்திரத்தை விடவும் இந்த ஏற்பாட்டையே நான் பெரிதாக மதிக்கிறேன். காலப்போக்கில் இத்தகைய இரும்பு ஆலைகள் தென்னாட்டிலும் மர உருளைகளின் இடத்தைப் பிடித்தன.

பின்னர்ச் சித்தூரிலும், ரேணிகுண்டாவை அடுத்த காஜுலமண்டியத்திலும் விவசாயிகளே பங்குதாரர்களாகக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் எழுந்தன. இரண்டும் இன்று நின்றுபோய்விட்டன. அந்தக் கதை தனியே சொல்லத்தக்கது.

திருமலைக்கு வருவோம். அங்கே மடைப்பள்ளியைத் தெலுங்கில் ‘போட்டு’ என்பர். நாளொன்றுக்கு மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட லட்டுகள் அங்கே உருவாகின்றன. நெடுங்காலம் விறகடுப்பில் நடந்த இவ்வேலை 1984-இல் எரிவாயுவுக்கு மாறிற்று. உருண்டைகளைச் சுமந்து கொண்டுபோய் விற்பனைக் கூடத்தில் சேர்க்கும் வேலையை ஓடும் பட்டைகள் ஏற்றுக்கொண்டன. சுடரின்மேல் நெய் தெறித்துத் தீப்பற்றும் அபாயம் இருந்ததால், 2021-இல் கோயிலுக்கு வெளியே திறக்கப்பட்ட புதிய பூந்திக் கூடத்தில், குழாய்களில் ஓடும் சூடான எண்ணெயின் வெப்பத்தால் இயங்கும் அடுப்புகள் வந்தன. முழுவதையும் யந்திரமே செய்யட்டும் என்ற யோசனையும் அவ்வப்போது எழுந்ததுண்டு. எனினும் பூந்தியையும் பாகையும் கலந்து உருண்டை பிடிப்பது இன்றும் கைவேலையே. சுமையையும் தீயையும் யந்திரத்திடம் விட்டுப் பதத்தைக் கையிடம் வைத்துக்கொண்ட இந்தப் பங்கீடு, பல ஆலைகளில் காணக்கிடைக்காத விவேகம்.

ஆனால் இந்த விவேகத்துக்கு ஒரு வசதியும் துணை நிற்கிறது. திருமலையில் பக்தர் வாராத நாள் இல்லை. பட்டை ஓடாத நாளும் இல்லை. கணக்காகவே பார்ப்போம். ஒரு யந்திரத்தின் விலை ஒரு கோடி ரூபாய், வட்டி நூற்றுக்குப் பன்னிரண்டு என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு வட்டி பன்னிரண்டு இலட்சம். 365 நாளும் ஓடினால் ஒருநாள் வேலையின்மேல் விழும் வட்டி ஏறக்குறைய 3,300 ரூபாய். அறுபது நாளே ஓடினால் அதுவே 20,000 ரூபாய். தேய்மானம் வேறு.

அந்த அறுபது நாள் கணக்குத்தான் சித்தூரின் மாங்கூழ் ஆலைகளின் கதை. தமிழ்நாட்டில் கிருஷ்ணகிரியைப் போல, ஆந்திரத்தில் சித்தூர் இத்தொழிலின் நடுவிடம். தமிழர் கிளிமூக்கு என்றழைக்கும் தோத்தாபுரி மாங்காய் இங்கே ஜூன், ஜூலை மாதங்களில் மலைபோல் குவிகிறது. முன்னாளில் பெண்கள் வரிசையாக அமர்ந்து தோல் சீவித் துண்டு போட, கூழ் தகரடப்பிகளில் அடைக்கப்பட்டது. பின்னர்க் கழுவுதல், கொட்டை நீக்குதல், கூழாக்குதல், சூடாக்கிக் குளிர்வித்தல் யாவும் ஒரே தொடராக நடந்து, கிருமி புகாத பையில் கூழை நிரப்பிப் பீப்பாயில் இறக்கும் யந்திரசாலைகள் வந்தன. பழம் அழுகுமுன் வேலை முடிய வேண்டும். அயல்நாட்டார் கேட்கும் தூய்மையும் வேண்டும். கையால் இவ்விரண்டும் முடியா. ஆகவே யந்திரம் வேண்டாம் என்று யாரும் சொல்லத் துணியார்.

துன்பம் வேறிடத்தில் இருக்கிறது. 2025-இல் விளைச்சல் பெருகியது. முந்தைய ஆண்டின் கூழே விற்காமல் ஆலைகளில் தங்கியிருந்தது. காய் ஏற்றிய வண்டிகள் ஆலை வாயில்களில் நீண்ட வரிசையாய்க் காத்து நின்றன. விலை விழுந்தது. கிலோவுக்கு 12 ரூபாய் என்று அரசு நிர்ணயித்து, 8 ரூபாயை ஆலைகள் தரவேண்டும், 4 ரூபாயை அரசு தரும் என்று அறிவித்தது. அண்டை மாநிலத் தோத்தாபுரி சித்தூருக்குள் வரலாகாது என்று ஜூன் மாதத்தில் தடை பிறந்தது. கர்நாடக முதலமைச்சர் அதனை எதிர்த்து ஆந்திர முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார்.

இங்கே பீஹியாவின் வாடகை ஆலையை நினைவுகூர்வது பொருந்தும். அங்கே உறங்கும் மாதங்களின் செலவை யந்திரத்துக்கு உடையவர் ஏற்றனர். சித்தூரில் ஆலைக்காரர் வாங்கிய கடனுக்கு வட்டி பன்னிரண்டு மாதமும் ஏறுகிறது. அந்தச் செலவைக் காய் வாங்கும் விலையில் குறைத்துக்கொள்ளும் ஆசை, சந்தை சரியும் ஆண்டுகளில், ஆலைக்காரருக்கு எழாதிருக்குமா? மரத்தில் காயை நிறுத்தி வைக்க விவசாயியால் இயலாது. பேரத்தில் அவனுக்குப் பலம் இல்லை.

ஆதலால், புதிய யந்திரசாலைக்கு மானியமோ கடனோ கொடுப்பவர்கள், அது மணிக்கு எத்தனை டன் அரைக்கும் என்பதோடு, மாம்பருவம் முடிந்தபின் எதை அரைக்கும் என்பதையும் கேட்டாக வேண்டும். சில ஆலைகள் கொய்யாவையும் பப்பாளியையும் கூழாக்கிச் சில வாரங்களைக் கூட்டிக்கொள்கின்றன. மற்றவற்றில், ஆவணி பிறக்கும்போது பீப்பாய்கள் கிடங்குக்குப் போய்விடும். பருவக்கூலிக்கு வந்த பெண்கள் வேறு வேலை தேடிப் புறப்படுவர். எஃகுக் குழாய்கள் கழுவித் துடைக்கப்பட்டு, அடுத்த ஆண்டு மாங்காய்க்காகக் காத்திருக்கும்.