மடலின் தலைப்பகுதியும் மூலபாடமும்

மின்னஞ்சலைத் திறப்பவர் கண்ணில் படுவன அனுப்புநர், பெறுநர், நாள், பொருள் என்னும் சில வரிகளே. மடல் கடந்துவந்த வழியைக் கூறும் வரிகள் பல அவற்றின் பின்னே மறைந்துள்ளன. இவற்றை மென்பொருள் எழுத்துப் பிசகாமல் காக்க வேண்டுமா, பொருள் கெடாதவரை மாற்றி எழுதலாமா என்பது பழைய வழக்கு.

1971-இல் ரே டாம்லின்சன் அர்ப்பாநெட்டில் மடல் அனுப்பியபோது இக்கேள்வி எழவில்லை. தலைப்பகுதிக்குப் பொதுவடிவம் தரும் முயற்சி 1973-இல் ஆர்.எஃப்.சி. 561-உடன் தொடங்கியது, 1982-இல் டேவிட் கிராக்கரின் ஆர்.எஃப்.சி. 822 அதனை நிலைநிறுத்தியது. முடிச்சும் அங்கேயே விழுந்தது. வரியின் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றே என்றது அவ்விதி. நீண்ட வரியை மடித்து எழுதவும் இடந்தந்தது. ஆகவே ஒரே செய்தியைப் பலவாறு எழுத இயன்றது.

மாற்றி எழுதுவதற்கு அன்று நியாயமும் இருந்தது. யூயூசிபி வலையில் முகவரிகள் ஆச்சரியக்குறிகளால் கோக்கப்பட்டன. அர்ப்பாநெட்டிலோ @ குறி. எரிக் ஆல்மனின் சென்ட்மெயில் ஒன்றை மற்றொன்றாக்கித் தந்ததால்தான் வலை கடந்தும் மறுமொழி போய்ச் சேர்ந்தது.

போலி மடல்கள் பெருகியபின் நிலை மாறியது. 2007-இல் வந்த டி.கே.ஐ.எம். முறை, தலைப்பகுதியின் வரிகளுக்கும் மின்கையொப்பம் இட்டது. ஓர் இடைவெளி கூடினாலும் கையொப்பம் பொய்த்துவிடக்கூடும். இடைவழிக் கணினிகளின் கைவரிசையை அறிந்திருந்த அதன் ஆசிரியர்கள், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கண்டிப்பான முறையோடு, இடைவெளி வேறுபாடுகளையும் பெயரின் எழுத்துவடிவையும் பொருட்படுத்தாத நெகிழ்வான முறையையும் வகுத்தனர்.

நம் மொழிக்கும் இதில் பங்குண்டு. 1992-இல் வந்த ஆர்.எஃப்.சி. 1342, பிறமொழித் தலைப்புகளை ஆங்கில எழுத்துக் கோவையாக்கி அனுப்ப வழிசெய்தது. யூனிகோடை நேராகவே எழுதும் இசைவு 2012-இல்தான் கிட்டியது. ஒரே தமிழ்த் தலைப்பை இருவேறு கோவைகளாகவும் குறியேற்றலாம். மென்பொருள் அதனைத் தமிழாக்கிச் சேமித்து, மீண்டும் தன் விருப்பப்படி குறியேற்றினால், படிப்பவருக்கு வேறுபாடு தெரியாது, கையொப்பமோ முறிந்திருக்கும். மெய்யான மடலும் ஐயத்துக்குரியதாகிவிடும்.

ஆகவே மாற்றங்களைத் திரையோடு நிறுத்திக்கொள்வதே முறை. வந்த எழுத்துகள் வந்தபடியே சேமிப்பில் கிடக்கட்டும். ஏட்டுக்கு உரை எழுதலாம்; உரை கிடைத்ததென்று ஏட்டைக் கொளுத்தலாகாது.