பேசும் காப்பு

காப்பு என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. கையில் அணிவதும் காப்பு, காத்தலும் காப்பு. இவ்விரு பொருளும் ஒன்றாகக் கூடிய ஓர் அணியின் வரலாற்றை, மாணவச் செல்வர்களே, இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அது தோன்றிய இடம், அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள டர்லாக் என்னும் ஊர். ஆயினும் கதையை அங்கே தொடங்கினால் அதன் வேர் விளங்காது. குதிரையிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

துருப்பிடித்த ஆணி காலில் தைத்தால் இரண ஜன்னி காணும் என்று நம் வீட்டுப் பெரியோர் அஞ்சியதை அறிவீர்கள். தாடை இறுகி, உடல் வில்லாய் வளைந்து உயிர் போக்கும் கொடு நோய் அது. 1890ஆம் ஆண்டில் பெர்லின் நகரில், பெஹ்ரிங் என்ற ஜெர்மானியரும் கிடசாட்டோ என்ற ஜப்பானியரும் அதற்கு ஒரு மாற்றுக்கு வழி கண்டனர். நோயின் நஞ்சை விலங்கின் உடலில் சிறிது சிறிதாகச் செலுத்தினால், அந்நஞ்சை முறிக்கும் பொருள் அதன் குருதியில் உண்டாகிறது. அக்குருதியிலிருந்து பிரித்தெடுத்த சீரம் என்னும் தெளிந்த நீரே மருந்து. குதிரை பேருடல் கொண்ட விலங்காதலின், அதுவே இம்மருந்தின் ஊற்றாயிற்று. முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்கு இதை ஊசி வழியே அளித்தனர். இரண ஜன்னியும் பெரிதும் குறைந்தது.

ஆனால் குதிரையின் குருதி மனித உடலுக்கு அயற்பொருள் அன்றோ? 1902ஆம் ஆண்டில் சார்ல்ஸ் ரிஷே, போர்ட்டியே என்னும் பிரெஞ்சு அறிஞர்கள் கடற்சாமந்தி என்னும் உயிரின் நஞ்சை நாய்களுக்குச் செலுத்தி ஆராய்ந்தனர். முதல் முறை தாங்கிக்கொண்ட நாய், சில வாரம் கழித்து அதனினும் மிகக் குறைந்த அளவைச் செலுத்தியபோது சில நிமிடங்களில் துடித்து மாண்டது. ஒரு முறை பழகிய பொருளே மறுமுறை கூற்றுவனாகலாம் என்பது அன்று தெளிவாயிற்று. இதற்காக ரிஷே 1913இல் நோபெல் பரிசு பெற்றார்.

இனி டர்லாக்குக்கு வருவோம். அங்கு மேரியன் காலின்ஸ் என்னும் மருத்துவர் வாழ்ந்தார். 1953ஆம் ஆண்டில் அவர் மகள் லிண்டாவின் விரலில் காயம் பட்டது. இரண ஜன்னி வாராதிருக்கச் சீரம் கொடுக்கவேண்டும். உடல் ஏற்குமா என்று அறிய முதலில் சிறு துளியைச் செலுத்திப் பார்த்தனர். அத்துளியே அவளைச் சாவின் வாயிலுக்குக் கொண்டு சென்றது. அவள் பிழைத்தாள். பெற்றோரின் அச்சம் மட்டும் பிழைத்தவளோடு சேர்ந்து வளர்ந்தது. வேற்றூரில் இவள் நினைவிழந்து கிடந்தால், அறியாத மருத்துவர் நல்லெண்ணத்தோடு அதே ஊசியைப் போட்டுவிட்டால் என் செய்வது?

முதலில் ஒரு தாளில் எழுதி அணிவித்தனர். தாள் நனையும், கிழியும். ஆகவே அவள் கல்லூரி சென்ற காலத்தில், தந்தையார் வெள்ளியில் ஒரு காப்புச் செய்வித்து, அவளுக்கு ஒவ்வாத மருந்தின் பெயரை அதில் பொறித்தார். மணிக்கட்டைத் தேர்ந்ததை நான் மிகவும் வியக்கிறேன். நாடி பார்க்க வரும் எந்த மருத்துவரும் தொடும் இடம் அது! 1956ஆம் ஆண்டில் காலின்ஸும் அவர் மனைவியும் ‘மெடிக் அலர்ட்’ என்னும் நிறுவனத்தை நிறுவினர். இதை வாணிகமாக நடத்தாமல், இலாப நோக்கற்ற அறமாகவே அமைத்தனர். காப்பின் முகத்தில் பாம்பு சுற்றிய கோல். பின்புறம் நோயின் பெயர், அணிந்தவரின் எண், தொலைபேசி எண். அழைத்துக் கேட்டால் ஏனைய விவரமும் கிடைக்கும்.

இதற்கு முன்னரே, இரண்டாம் உலகப் போரில், அமெரிக்க வீரனின் கழுத்துத் தகட்டில் குருதி வகையும் இரண ஜன்னித் தடுப்பூசி போட்ட ஆண்டும் பொறிக்கப்பட்டிருந்தன. அது அரசின் ஆணையால் அணிந்தது. இதுவோ ஒருவர் தம் நோயைத் தாமே விரும்பி வெளியிடுவது. அதற்கு ஒரு துணிவு வேண்டும். காக்காய் வலிப்பு உண்டென்று தெரிந்தால் பெண்ணுக்கு வரன் அமையாதென மறைத்த பெற்றோரை என் ஆசிரியப் பணியில் பலமுறை கண்டிருக்கிறேன். அக்குழந்தை வகுப்பில் விழுந்தபோது, என்ன செய்வதென்று அறியாமல் நாங்கள் நின்றதுண்டு. நீரிழிவுக்காரர் நிலையும் இத்தகையதே. இன்சுலின் மிகுந்து சர்க்கரை குறைந்தால் நா குழறும், நடை தள்ளாடும். அறியாதவர் குடிகாரரென்று ஒதுக்கிச் செல்வர். அவர் வாய் திறந்து சொல்ல முடியாததை ஒரு சிறு தகடு சொல்லிவிடும்.

1960களில் மனிதக் குருதியிலிருந்தே இரண ஜன்னிக்குரிய மாற்றுமருந்து எடுக்கப்பட்டு, பல நாடுகளில் குதிரைச் சீரம் பின்வாங்கியது. லிண்டாவை அச்சுறுத்திய மருந்து இன்று அரிதாயிற்று. காப்பு மட்டும் மறையவில்லை. அதன் பின்புறத்தில் இப்போது பென்சிலின் என்றும், வேர்க்கடலை என்றும், நீரிழிவு என்றும் பொறிக்கிறார்கள்.