சாட்சியம்: எண்ணிக்கையும் எடையும்

 

நீதிமன்றத்தில் சாட்சி கூறித் திரும்பும் நம்மவர்களில் சிலர், "அறிந்ததை முழுவதும் சொல்ல விடவில்லை, வாய் திறக்கும்போதெல்லாம் எதிர்த்தரப்பு வக்கீல் ஆட்சேபணை எழுப்பினார்" என்று மனம் வருந்துவதுண்டு. அவ்வாட்சேபணைகள் உண்மையை மறைப்பதற்கென்றே ஏற்பட்டவை என்று எண்ணுவோரும் உளர். அவை தோன்றிய வரலாற்றை அறிந்தால் இவ்வெண்ணம் நீங்கும்.

சாட்சியத்தைச் சோதித்து ஏற்பது நமக்குப் புதியதன்று. கூஃபா நகரின் காஜி ஷுரைஹ் அவர்களைப் பற்றிக் கூறப்படும் நிகழ்ச்சி யாவரும் அறிந்ததே. கலீஃபா அலீ (ரலி) அவர்கள் காணாமற்போன தம் கவசத்திற்கு உரிமை கோரி வழக்காட வந்தபோது, தந்தைக்கு மகன் கூறும் சாட்சியம் செல்லாது என்று ஹஸன் (ரலி) அவர்களின் சாட்சியத்தைக் காஜி ஏற்கவில்லை. வழக்காடியவர் கலீஃபா, சாட்சியோ நபிகளாரின் பேரர். ஆயினும் விதி விதியாகவே நின்றது.

நம் நாட்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியிலும் குற்றவியல் நீதிமன்றங்களில் இஸ்லாமியச் சட்டமே நெடுங்காலம் அடிப்படையாக இருந்தது. மதராஸ் மாகாணத்திலும் காஜிகளும் முஃப்திகளும் நீதிமன்றச் சட்ட அதிகாரிகளாக அமர்ந்து ஃபத்வா வழங்கினர். இந்திய தண்டனைச் சட்டம் 1862இல் நடைமுறைக்கு வந்தது. 1864இல் அச்சட்ட அதிகாரிகளின் பதவிகள் ஒழிக்கப்பட்டன. பின்னர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் வகுத்த இந்திய சாட்சியச் சட்டம், 167 பிரிவுகளுடன் 1872 செப்டம்பர் 1 முதல் அமலாயிற்று.

இச்சட்டத்தின்படி வழக்குக்குத் தொடர்புடைய செய்திகளை மட்டுமே கூறலாம். கண்டதைக் கண்டவரே கூற வேண்டும்; கேட்டதைக் கேட்டவரே கூற வேண்டும். "இன்னார் பார்த்ததாக எனக்குச் சொன்னார்" என்பது செவிவழிச் சாட்சியம். இறந்தவரின் மரண வாக்குமூலம் போன்ற சில விலக்குகள் தவிர, அது ஏற்கப்படுவதில்லை. தம் தரப்புச் சாட்சியை முதலில் விசாரிக்கும் வக்கீல், விடையைத் தன்னுள்ளேயே கொண்ட கேள்வியை எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால் நீதிபதியின் அனுமதியின்றிக் கேட்கலாகாது. குறுக்கு விசாரணையிலோ அத்தகைய கேள்விக்கு இடமுண்டு. இவ்வெல்லைகளை மீறும்போது எழுவதே ஆட்சேபணை. அதை ஏற்பதும் தள்ளுவதும் நீதிபதியின் பொறுப்பு.

ஹதீஸ் கலை வல்லுநர்கள் அறிவிப்பாளர் வரிசையிலுள்ள ஒவ்வொருவரின் நேர்மையையும் நினைவாற்றலையும் ஆராய்ந்தார்கள். நீதிமன்றத்திலோ, சபைக்கு வராதவரை ஆணையிடச் செய்யவோ குறுக்கு விசாரணை செய்யவோ வழியில்லை. ஆகவேதான் அவர் சொல்லைப் பிறர் வாயால் கேட்க அது தயங்குகிறது. முறை வேறாயினும், சோதிக்கப்படாத செய்தியை நம்பி ஒருவரைத் தண்டிக்கலாகாது என்னும் அச்சம் ஒன்றே.

இனி, எத்தனை சாட்சிகள் வேண்டும்? இதற்கு விடை தந்த வழக்கு நம் தமிழகத்து முத்துப்பேட்டையில் பிறந்தது. 1955 நவம்பரில் ஓர் இரவு, தேநீர்க் கடை நடத்திவந்த ஒருவர் கொல்லப்பட்டார். குற்றத்தை நிலைநாட்ட நின்றது அவர் மனைவியின் சாட்சியம் ஒன்றே. ஒரே சாட்சியை நம்பி மரண தண்டனை விதிக்கலாமா என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. 'வடிவேலு தேவர் எதிர் மதராஸ் அரசு' என்னும் அவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் 1957இல் தீர்ப்பளித்தது. சட்டம் எந்தச் செய்திக்கும் இத்தனை சாட்சிகள் வேண்டுமென்று வரையறுக்கவில்லை. முழுதும் நம்பத்தக்கவர், முழுதும் நம்பத்தகாதவர், இரண்டிற்கும் இடைப்பட்டவர் எனச் சாட்சிகள் மூவகைப்படுவர். மூன்றாம் வகையினருக்கே வேறு ஆதாரத்தின் துணை தேவை என்று அது கூறியது. எண்ணிக்கையை வற்புறுத்தினால், ஒருவர் மட்டுமே கண்ட குற்றங்கள் தண்டனையின்றிப் போகும் என்றும் எடுத்துரைத்தது. அப்பெண்மணியின் சொல் ஏற்கப்பட்டது, தண்டனை உறுதியாயிற்று.

நம் ஃபிக்ஹு நூல்கள் இத்தகைய வழக்குகளில் சாட்சிகளின் எண்ணிக்கையையும் நிபந்தனையாக்குகின்றன என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் எண்ணிக்கை நிறைந்துவிட்டால் போதும் என அவை விட்டுவிடவில்லை. சாட்சியின் நாணயத்தை விசாரித்தறியும் 'தஸ்கியா' முறையையும் வைத்தன. பொய்யர் இருவரால் ஒரு வழக்கும் வலுப்பெறாது என்பதில் இரு சட்டங்களும் ஒன்றுபடுகின்றன.

எழுத்துச் சான்றுக்கும் இதே மதிப்புண்டு. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமாகிய அல்பகராவின் 282ஆம் வசனம், கடனை எழுதி வைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியதே. 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் 'பாரதிய சாக்ஷிய அதிநியம்' நடைமுறையில் உள்ளது. முப்பது ஆண்டு கடந்த பத்திரம், அது இருக்கவேண்டிய பொறுப்பாளரிடமிருந்து வருமானால், அதன் கையெழுத்து மெய்யென நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்னும் பழைய விதி புதிய சட்டத்திலும் தொடர்கிறது. பள்ளிவாசல், கபரஸ்தான் பத்திரங்கள் தனியார் வீட்டுப் பெட்டியில் கிடக்காமல் ஜமாஅத் பொறுப்பில் இருக்கவேண்டியதன் காரணம் இதனால் விளங்கும். அரியலூர்ப் பகுதி 1995 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தமையால், பழைய ஆவணங்களில் அம்மாவட்டப் பெயரே காணப்படும் என்பதையும் நினைவில் கொள்க.

அன்பர்களே! சாட்சிக்கூண்டில் நிற்பவர் உறவினருக்காகவோ ஊராருக்காகவோ ஒரு சொல்லையும் கூட்டவேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கண்டதைக் கண்டதாகவும், அறியாததை அறியேன் என்றும் சொல்லுங்கள். தமக்கோ பெற்றோருக்கோ பாதகமாயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் கட்டளையிடுகிறது. பொய்ச்சாட்சியைப் பெரும் பாவங்களுள் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். வக்கீலின் ஆட்சேபணையால் மெய்ச்சாட்சிக்கு இழப்பொன்றுமில்லை. அதற்கு அஞ்சவேண்டியவன் பொய்யனே.

நீதியின் பக்கம் உறுதியாக நிற்கும் நல்லடியார்களாக நம் அனைவரையும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.