சுறாவும் ஆவியும்

ஆங்கிலத்தில் 'கொதிக்' எனப்படும் திகில் இலக்கியம் பற்றி இன்று பார்ப்போம். 1764இல் ஹொறஸ் வொல்போல் எழுதிய 'ஒட்றான்ரோ கோட்டை'யுடன் இம்மரபு தொடங்குகிறது. பாழடைந்த மாளிகை, நிலவறை, ஆவி என்பன அதன் அடையாளங்கள். ஆன் றட்கிளிஃபின் 'உடோல்ஃபோ மர்மங்கள்' (1794) நாவலில் ஆவி போலத் தோன்றியவற்றுக்கு இறுதியில் இயற்கையான காரணம் கூறப்படும். மத்தியூ லூயிஸின் 'துறவி'யிலோ (1796) சாத்தானே நேரில் வருவான். அப்படியானால் மனிதன் அஞ்சுவது இயற்கைக்கா, அதற்கு அப்பாற்பட்டதற்கா? நமது மன்னார்க் கரையில் இதற்கு ஒரு விடை உண்டு என்பது என் எண்ணம்.

ஜோன் கீற்ஸின் 'இசபெல்லா' 1820இல் நூலாக வெளிவந்தது. கொலையுண்ட காதலனின் ஆவி, தான் புதைக்கப்பட்ட இடத்தைக் காதலிக்குச் சொல்லும் கதை அது. கதை பொக்காச்சியோவினுடையது. ஆனால் மூலத்தில் இல்லாத ஒருவனைக் கீற்ஸ் அதில் சேர்த்தார். அவன் இலங்கைச் சுழியோடி. மூச்சை அடக்கிச் சுறாவின் முன் இறங்குகிறான். காதில் இரத்தம் வழிகிறது. இலாபம் கொலைகாரச் சகோதரர்களுக்கு. அக்கவிதையில் என்னை அச்சுறுத்துவது ஆவியன்று, இவ்வரிகளே.

சுறா அச்சம் பழையது. இக்கடலின் முத்துக்குளிப்பை விவரித்த மார்கோ போலோ, மீன்களை மந்திரத்தால் கட்டுவோருக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு கிடைத்ததென்கிறார். இரவில் அவர்கள் கட்டை அவிழ்த்துவிடுவார்களாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரிப்பில் இத்தொழில் செய்தவர் 'கடல்கட்டி'. அரசாங்கச் சம்பளத்துடன், படகொன்றுக்கு நாளொன்றுக்குப் பத்துச் சிப்பியும் அவருக்கு உண்டு. எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட நூலில் இதனைக் காணலாம். டெனன்ட் அங்கு சென்றபோது அப்பதவியை வகித்தவர் ஒரு கத்தோலிக்கர். அவர் சுகவீனமுற்றுத் தமக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பியிருந்தார். வந்தவருக்கு மந்திரம் தெரியாது. ஆயினும் தாம் யாருடைய பிரதிநிதி என்பது சுறாக்களுக்குத் தெரியும் என்றாராம்!

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் பிரித்தானியர் ஆட்சியில் அதுவரை சுறாவால் நேர்ந்ததென உறுதியான விபத்து ஒன்றுக்கு மேல் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத சுறா, றட்கிளிஃபின் ஆவி போலவே மனத்தில் வளர்ந்தது. மந்திரம் சுறாவைக் கட்டியதோ இல்லையோ, சுழியோடியின் அச்சத்தைக் கட்டியது. அவன் அஞ்சினால் சலாபம் நடக்காது. அரசாங்கம் சம்பளம் கொடுத்ததன் பொருள் இதுவே.

காதில் வழிந்த இரத்தத்துக்கு மந்திரம் இருக்கவில்லை. 1906இல் மறிச்சுக்கட்டிச் சலாபத்தில் கடமையாற்றிய லெனார்ட் வூல்ஃப், 1921இல் 'முத்துகளும் பன்றிகளும்' என்ற சிறுகதையை வெளியிட்டார். அதில் ஆவி இல்லை. அழுகும் சிப்பியின் நாற்றமும், குடியினால் சித்தம் கலங்கிச் சாகும் வெள்ளையனும், கரைக்குக் கொண்டுவரப்படும் அராபியச் சுழியோடியின் பிணமுமே உண்டு. வெள்ளையனின் பிதற்றலில் வெளிவருவன அவன் செய்த கொடுமைகள். கொதிக் ஆசிரியர் எவரும் இதைவிடப் பயங்கரமாக எழுதியதாக நான் அறியேன்.

கொதிக் கதைக்கு வேண்டிய பாழடைந்த மாளிகையும் அரிப்பில் உண்டு. முதலாவது பிரித்தானியத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய 1801இல் கட்டத் தொடங்கிய வீடு அது. இடிந்த சுவர்களைக் கடல் அரிக்கிறது. மக்கள் அதனை 'அல்லிராணி கோட்டை' என்கின்றனர். முத்துக்குக் கணக்குப் பார்த்த வீட்டுக்குள் கதை ஓர் அரசியைக் குடியேற்றிவிட்டது. சுழியோடிக்கு அங்கும் இடம் கிடைக்கவில்லை.