கடலோரக் காவல்படை டோர்னியர் விபத்து (2015)

இந்தியக் கடலோரக் காவல்படையின் சி.ஜி.-791 என்ற டோர்னியர் விமானம், 2015 ஜூன் 8ஆம் தேதி இரவு, பாக் விரிகுடா ரோந்திலிருந்து சென்னைக்குத் திரும்பும் வழியில் வங்கக் கடலில் விழுந்தது. விமானிகள் இருவர், கண்காணிப்பாளர் ஒருவர் என அதிலிருந்த மூவரும் உயிரிழந்தனர். ஒரு மாதத்துக்கு மேல் தேடிய பிறகே விமானம் கடலடியில் அகப்பட்டது.

டோர்னியர் 228 ஜெர்மானிய வடிவமைப்பு, இந்தியாவில் ஹெச்.ஏ.எல். நிறுவனம் கான்பூரில் தயாரிக்கிறது. இரட்டை எஞ்சின், சுமார் 17 மீட்டர் இறக்கை. தாழப் பறந்து படகுகளை நோட்டமிட ஏற்றது என்பதால் கடற்படையும் வைத்திருக்கிறது. கடற்படையின் டோர்னியர் ஒன்று அதே ஆண்டு மார்ச் 24 இரவு கோவாவுக்கு அப்பால் விழுந்து இரு அதிகாரிகள் இறந்தனர். அடுத்த விபத்து இரண்டரை மாதத்தில் வந்தது.

சி.ஜி.-791 மாலையில் சென்னையிலிருந்து கிளம்பியது. திருச்சி ரேடார் அதைக் கடைசியாகப் பார்த்தது இரவு 9.23 மணிக்கு. சென்னைக்குத் தெற்கே 95 கடல் மைல், அதாவது ஏறக்குறைய 176 கிலோமீட்டர் தொலைவு. வீடு திரும்ப அரை மணி நேரப் பறப்புதான் பாக்கி.

அந்த அரை மணி நேரம் எப்படிப்பட்டது? வடக்கு நோக்கிக் கரையை ஒட்டி வரும் விமானிக்கு இடப்பக்கம் கல்பாக்கம், மாமல்லபுரம், கோவளம், கேளம்பாக்கம் என்று விளக்குகள் அடுத்தடுத்து வரும். வலப்பக்கம் வெறும் இருட்டு. நிலா இல்லாத இரவில் கடலும் வானமும் எங்கே பிரிகின்றன என்பது தெரியாது. மீன்பிடி படகின் விளக்கை நட்சத்திரம் என்று கண் எடுத்துக்கொள்வதுண்டு. விமானம் மெல்லச் சாய்ந்தால் உட்காது அதை உணராது. மீட்டர் சொல்வதை நம்பவும் மனம் மறுக்கும். இருண்ட பரப்பைத் தாண்டி ஓடுபாதைக்கு இறங்கும்போது, இருப்பதைவிட உயரத்தில் இருப்பதாகத் தோன்றி விமானிகள் அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடுவதும் உண்டு. 2011 மே 25 இரவு, பாட்னாவிலிருந்து நோயாளியுடன் டெல்லியில் இறங்க வந்த ஒற்றை எஞ்சின் பிலாட்டஸ் பி.சி.-12 ஃபரிதாபாத் குடியிருப்பில் விழுந்து, தரையிலிருந்த மூவர் உட்பட 10 பேர் இறந்தனர். மோசமான வானிலை, விமானத்தைக் கையாண்டதில் தவறு, திசை மயக்கம் ஆகியவற்றில் ஒன்றோ, எல்லாம் சேர்ந்தோ காரணமாகலாம் என்றது விசாரணை அறிக்கை. இதை வைத்து சி.ஜி.-791க்கும் இதுவே நேர்ந்தது என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

தேடலைக் கடினமாக்கியது கடலின் ஆழம். விமானம் ரோந்து போன பாக் விரிகுடா பெரும்பாலும் 15 மீட்டருக்குள் அடங்கும் கடல். விமானம் விழுந்த கடலூர்ப் பக்கம் அப்படியல்ல. கரையோரத் திட்டு ஒடுங்கி, அதன் விளிம்பில் கடலடி சட்டென்று சரிந்துவிடும். 30 கிலோமீட்டர் போவதற்குள் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஆழம் வந்துவிடுகிறது. முக்குளிப்போர் எட்ட முடியாத இடம். மேலே கப்பல்களும் விமானங்களும் எத்தனை சுற்றினாலும், அந்த ஆழத்தில் கிடப்பதை ஒலியால்தான் கண்டுபிடிக்க முடியும். தண்ணீர் பட்டதும் துடிப்பு துடிப்பாக ஒலியெழுப்பும் கருவி விமானத்தில் இருந்தது. இத்தகைய கருவிகளின் பேட்டரி வழக்கமாக 30 நாள் தாங்கும். கடற்படையின் அளவாய்வுக் கப்பல் சந்தாயக், சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்தின் சாகர் நிதி ஆகியவை தேடலில் இறங்கின. நீர்மூழ்கிக் கப்பல் சிந்துத்வஜ் அந்த ஒலியைப் பிடித்தது.

அதன்பின் ரிலையன்ஸ் நிறுவனம் கொடுத்துதவிய ஒலிம்பிக் கேன்யன் கப்பல், ஆள் இல்லாமல் இயங்கும் கருவியைக் கடலடிக்கு இறக்கியது. எண்ணெய்க் கிணறு வேலைக்கு வந்த கப்பல் அது. அன்று கடலோரக் காவல்படையிடம் அந்த ஆழத்துக்குப் போகும் கருவி இல்லை. ஜூலை 10ஆம் தேதி, பிச்சாவரம் கரைக்கு அப்பால், சுமார் 950 மீட்டர் ஆழத்திலிருந்து பறப்புத் தரவுகளைப் பதியும் கருப்புப் பெட்டி எடுக்கப்பட்டது. உடைந்த பாகங்களோடு மனித எச்சங்களும் ஒரு கைக்கடிகாரமும் மேலே வந்தன.

மறு ஆண்டே இதே கடல் இன்னொரு விமானத்தை விழுங்கியது. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேருடன் போன விமானப்படையின் ஏ.என்.-32 காணாமல் போனது. அதன் சிதைவுகள் எனக் கருதப்படுபவற்றைப் பள்ளிக்கரணைக் கழகத்தின் தானியங்கி நீர்மூழ்கிக் கருவி படமெடுத்ததாக 2024 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. அவை கிடந்த ஆழம் 3,400 மீட்டர்.